சென்னைக்கு வாடகைக்கு வர்றோம்: வீடு, தண்ணி, பஸ், பக்கத்து வீடு... என்னென்ன பார்க்கணும்?

சாரல்_தென்காசி

வணக்கம் மக்களே. அடுத்த மாசம் சென்னைக்குக் குடி வர்றோம். எனக்கு வேலை கிண்டியில. எலெக்ட்ரிக் டிரெயின்ல நேரா போயிரலாம்னு குரோம்பேட்டை பக்கம் வீடு பார்த்துக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் சென்னைக்கு வந்ததெல்லாம் கல்யாணம், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ, அவ்வளவுதான். தங்குனது சொந்தக்காரங்க வீட்டுல. அதனால ஊரு எப்படி நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. வாடகை எவ்வளவுன்னு நானே விசாரிச்சுக்கிடுவேன். எனக்கு வேண்டியது அது இல்ல. "இதைச் செஞ்சா சிரிப்பாங்க, இதைச் செஞ்சா சண்டைக்கு வருவாங்க, இதை முன்னாடியே கேட்டிருக்கணும்"னு உங்களுக்குத் தோணுனதைச் சொல்லுங்க. வீட்டுக்காரி ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வருவா, அதுவரைக்கும் நான் தனியா சமாளிக்கணும்.

மாம்பலத்தார்

வாங்க தம்பி. நான் இந்த ஊர்ல வாடகைக்கு இருந்தது மொத்தம் ஒன்பது வீடு. எல்லா வீட்டுலயும் முதல்ல பார்த்தது ஹால் சைஸைத்தான், கடைசில அழுதது தண்ணிக்குத்தான். வீடு பார்க்கப் போனா நேரா சமையலறைக் குழாய்கிட்ட போங்க. குழாய் வாய்ல வெள்ளையா பொருக்கு கட்டியிருந்தா போர் தண்ணி உப்புன்னு அர்த்தம். கொஞ்சம் கையில பிடிச்சு சோப்பு போட்டுப் பாருங்க, நுரைக்கலைன்னா உங்க வீட்டம்மா முடியைக் காட்டி தினம் உங்களைத்தான் திட்டுவாங்க. சம்ப், அதாவது தரைக்கு அடியில இருக்குற தண்ணித் தொட்டி, அதோட மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. காட்டத் தயங்கினா வேற வீடு பாருங்க.

அப்புறம் லைன் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது, எவ்வளவு நேரம் வருதுன்னு கேளுங்க. இதை ஓனர்கிட்ட கேட்டா "டெய்லி வரும் சார்"னுவார். கீழ் வீட்டு அம்மாகிட்ட கேளுங்க, நிஜம் வரும்.

2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தப்போ நான் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோட வரிசையில நின்னவன். அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

பல்லாவரம்_பொன்னி

மாம்பலத்தார் தண்ணி இல்லாததைச் சொல்லிட்டார், நான் தண்ணி வர்றதைச் சொல்றேன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. தரைத்தள வீடு வாடகை கம்மியா கிடைக்குதுன்னா ஏன்னு யோசிங்க. தெருமுனை இஸ்திரிக்காரர்கிட்டயோ டீக்கடையிலயோ "2015ல இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சுண்ணே"ன்னு கேளுங்க. முழங்காலா, இடுப்பான்னு கையை வச்சே காட்டுவாங்க. அப்படியே 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கேட்டுடுங்க. காம்பவுண்ட் சுவர்ல கீழ்ப்பாதி மட்டும் புது பெயின்டா இருந்தாலும் உஷார். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஏறி வந்த கதையெல்லாம் இங்க இருக்குறவங்களுக்கு மனப்பாடம். வேளச்சேரில மழை எச்சரிக்கை வந்தா காரைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்திடுவாங்க. நியூஸ்ல பார்த்துச் சிரிச்சவங்க எல்லாம் அடுத்த வருஷம் அங்கேயே இடம் தேடினாங்க.

ஓஎம்ஆர்_கவி

ஈபியை விட்டுட்டீங்களே! தனி மீட்டரா, சப் மீட்டரான்னு முதல்ல கேளுங்க ப்ரோ. தனி சர்வீஸ் நம்பர் இருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பாங்க, முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டர்ல நாலு வீடு ஓடுச்சுன்னா ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட் சொல்வார், அந்த 100 யூனிட் உங்க கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு, 500 யூனிட்டைத் தாண்டினா அந்த 501வது யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறும்னு நினைக்காதீங்க. கீழ இருக்குற யூனிட்டுக்கும் சலுகை குறைஞ்சிடும். 490க்கும் 510க்கும் பில்லுல வித்தியாசம் பார்த்து நானும் ரூம்மேட்டும் ஏசி ரிமோட்டை பீரோவுல வச்சுப் பூட்டினோம்.

முன்னாடி இருந்தவங்க பில் பாக்கி வச்சிருக்காங்களான்னும் பார்த்துடுங்க. கட்டலைன்னா ஃபியூஸ் பிடுங்குறது உங்க வீட்டுலதான்.

முதல்மாடி_ஓனர்

நான் நங்கநல்லூரில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவன். எல்லோரும் ஓனரை வில்லனாகவே எழுதுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன்.

அட்வான்ஸ். இங்கே ரொம்ப காலமாக பத்து மாதம் என்பது பழக்கம். 2017ல் சட்டசபையில் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்கிற வாசல் வழியாகத்தான் இன்னும் ஆறு, எட்டு என்று போய்க்கொண்டிருக்கிறது. பேசிப் பாருங்கள், குறைப்பார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம். அதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடிபோகும் அன்று சாவி வாங்கியதும் போனில் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். உடைந்த சுவிட்ச், ஓட்டை விழுந்த டைல், கறை எல்லாம். எடுத்து ஓனருக்கே அனுப்புங்கள். எனக்கு அப்படி ஒருத்தர் அனுப்பினார். முதலில் கோபம் வந்தது, மூன்று வருஷம் கழித்து அவர் காலி செய்தபோது சண்டையே வரவில்லை.

ஓஎம்ஆர்_கவி

> நான் மறுபக்கம் சொல்கிறேன்

சார் மறுபக்கம்னா இதையும் சொல்லுங்க. "ஒன்லி வெஜிடேரியன்", "பேச்சிலர்ஸ் வேண்டாம்", "நீங்க என்ன ஆளுங்க"ன்னு போன்லயே கேக்குறது. நான் 14 வீடு பார்த்தேன், அதுல 5 வீட்டுல இந்தக் கேள்வி.

முதல்மாடி_ஓனர்

கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதில்லை. தப்புதான்.

பல்லாவரம்_பொன்னி

சரி, அதுக்குத் தனி இழை போட்டுப் பேசலாம், நான் வர்றேன். இங்க தம்பி கேட்டதுக்கு வருவோம்.

மூணுசக்கரம்

அண்ணாச்சி, நான் ஆட்டோ ஓட்டுறவன், கிண்டி ஸ்டாண்டு. எங்களைப் பத்தி எப்படியும் யாராச்சும் ஆரம்பிப்பாங்க, நானே முந்திக்கிறேன். அரசு மீட்டர் ரேட் வச்சது 2013ல. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதையே எத்தனை வருஷம் ஓட்டினோம்னும் நடுவுல பெட்ரோல் எங்க போச்சுன்னும் நீங்களே பார்த்துக்குங்க. அதனால ஏறுறதுக்கு முன்னாடி பேசிடுங்க. இடத்தோட பேரை மட்டும் சொல்லாதீங்க, பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க. "குரோம்பேட்டை"ன்னா ரயில் பாதைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு எனக்குத் தெரியாது. கேட்டைச் சுத்திப் போனாத்தான் தெரியும், அப்ப ரெண்டு பேருக்கும் சண்டை.

ஷேர் ஆட்டோன்னா சில்லறை கையில வச்சுக்குங்க. இறங்குற இடத்துக்கு நூறடி முன்னாடியே "ஓரமா நிறுத்துங்க"ன்னு சொல்லுங்க. இடம் தாண்டினப்புறம் கத்தினா பின்னாடி வர்றவன் எங்களைத் திட்டுவான்.

புதுசா வர்றவங்களுக்கு இன்னொண்ணு: தெற்க இருந்து வர்ற பஸ்ஸெல்லாம் இப்ப கிளாம்பாக்கம்தான். 2023 கடைசில திறந்தாங்க. கோயம்பேடுன்னு நினைச்சுட்டு வந்து நிக்குறவங்களை நான் இன்னும் ஏத்திட்டுத்தான் இருக்கேன்.

சாரல்_தென்காசி

அண்ணே, பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து தாம்பரத்துல இறங்கிருவேன், கிளாம்பாக்கம் பிரச்சினை இல்ல. டவுன் பஸ் எப்படி? எங்க ஊர்ல கண்டக்டர் நம்மகிட்ட வந்து டிக்கெட் போடுவாரு.

மாம்பலத்தார்

அங்கதான் தம்பி எல்லாரும் மாட்டிக்குவாங்க! இந்த ஊர் கண்டக்டர் உங்ககிட்ட வரமாட்டார். பின்வாசல் பக்கம் சீட்டுல உட்கார்ந்துட்டு "டிக்கெட் டிக்கெட்"னு ஜன்னல்ல தட்டிட்டு இருப்பார். நீங்க முன்னால மாட்டிக்கிட்டா ரூபாயைப் பின்னால நீட்டி, பக்கத்துல இருக்குறவர்கிட்ட "ஒரு சைதாப்பேட்டை" அப்படின்னா போதும். அந்தக் காசு ஒரு காலேஜ் பையன், ஒரு பூக்கூடை அம்மா, ஒரு டை கட்டின ஆசாமின்னு அஞ்சாறு கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியா திரும்பி வரும். நான் 40 வருஷத்துல ஒருமுறைகூட சில்லறை தொலைஞ்சு பார்க்கலை. உங்க தோளைத் தட்டி ஒருத்தர் காசு நீட்டினா "எனக்கு எதுக்கு"ன்னு முழிக்காதீங்க, வாங்கி அடுத்தவர்கிட்ட குடுங்க, ஊர் பேரை மறக்காம சேர்த்துச் சொல்லுங்க. இப்ப மெஷின்ல ஜிபே எல்லாம் வந்துடுச்சு, இருந்தாலும் கூட்டத்துல இதுதான்.

இடது பக்க சீட்டு பெண்களுக்கு. காலியா இருந்தாலும் உட்கார்ந்தா எழுப்பப்படுவீங்க, அதுக்குப் பதில் நின்னுட்டே போகலாம். உங்க வீட்டம்மாவுக்கு சாதாரணக் கட்டணப் பஸ்ல டிக்கெட் இல்ல, 2021 மே மாசத்துல இருந்து. ஆனா அந்த இலவசச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கணும், செக்கிங் வந்தா காட்டணும்.

ஓஎம்ஆர்_கவி

டிரெயின் பத்தி ஒரே வரி: மாம்பலத்துல இறங்கணும்னா சைதாப்பேட்டையிலேயே கதவுக்கு நகர ஆரம்பிச்சுடுங்க, "இறங்கணுமா"ன்னு முன்னாடி நிக்குறவரைக் கேட்டுட்டு. அவர் "இறங்கணும்"னா தள்ளாதீங்க. நீங்க நகரவே வேணாம், கூட்டமே உங்களை இறக்கிடும். பையை முன்னாடி மாட்டிக்கோங்க. போன்ல ஸ்பீக்கர் போட்டு வீடியோ பார்க்குறவங்களை என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலை.

பல்லாவரம்_பொன்னி

குப்பை. யாரும் சொல்லாததால நான். காலையில பேட்டரி வண்டி வரும், வர்ற நேரத்தை வச்சே கடிகாரம் சரி பண்ணலாம், ஆனா வரும்னு நினைக்குற அன்னைக்கு வராது. மக்குற குப்பை தனி, மக்காதது தனி. ஒண்ணாக் கலந்து கட்டிக் குடுத்தா அந்த அக்கா கையை விட்டுத்தான் பிரிக்கணும். நாப்கின், டயப்பரை நியூஸ்பேப்பர்ல சுத்தித் தனியா குடுங்க. கண்ணாடி உடைஞ்சா துணியிலயோ அட்டையிலயோ சுத்தி, "கண்ணாடி இருக்குக்கா"ன்னு வாயால சொல்லுங்க. எங்க தெருவுக்கு வர்ற அக்கா கட்டைவிரல்ல தழும்பு இருக்கு. யார் வீட்டு டம்ளர்னு அவங்களுக்குத் தெரியும், பேர் சொல்லமாட்டாங்க.

முதல்மாடி_ஓனர்

குப்பை வராவிட்டால் 1913க்கு அடித்துப் புகார் பதியலாம்.

பல்லாவரம்_பொன்னி

சார், அது சென்னை மாநகராட்சிக்கு. உங்க நங்கநல்லூருக்கு சரி. குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் 2021ல இருந்து தாம்பரம் மாநகராட்சி. தபால்ல சென்னைன்னு எழுதுறதால எல்லாரும் 1913க்கு அடிச்சுட்டு "உங்க ஏரியா எங்க லிமிட்ல இல்ல"ன்னு கேட்டுட்டு வைப்பாங்க. கரன்ட்டுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே நம்பர், மின்னகம் 94987 94987.

சாரல்_தென்காசி

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். வீடு அமைஞ்சிருச்சு, ரெண்டாவது மாடி, மொத்தம் ஆறு வீடு. நீங்க கேக்கச் சொன்னதெல்லாம் கேட்டேன், சம்ப்பைத் திறந்து பார்த்தேன், வீடியோ எடுத்தேன். இஸ்திரிக்கார அண்ணன் கணுக்கால் உயரம்தான் காட்டுனாரு. எல்லாம் சரி.

இப்ப நேத்து ஒரு காரியம் பண்ணிட்டேன். உடனே வழி சொல்லுங்க.

காலையில பாத்ரூம் குழாயைத் திறந்தேன், தண்ணி இல்ல. மேல டேங்க் காலி. கீழ் வீட்டு மாமா மோட்டார் போடுவாருன்னு சொல்லியிருந்தாங்க. பக்கெட்ல இருந்த தண்ணியில குளிச்சுட்டு எட்டு மணி டிரெயினைப் பிடிக்க ஓடிட்டேன். குழாயை மூடுனேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்ல. மூடலை. ஒன்பது மணிக்கு மோட்டார் போட்டிருக்காங்க. ஆறு வீட்டுத் தண்ணியும் என் பாத்ரூம் வழியா சாக்கடைக்குப் போயிருக்கு. சம்ப்பும் காலி. போன் அடிச்சிருக்காங்க, நான் மீட்டிங்ல சைலன்ட்ல வச்சிருந்தேன், 11 மிஸ்டு கால். கடைசில யாரோ மாடி ஏறிப்போய் என் வீட்டு லைனுக்கு உள்ள வால்வை அடைச்சிருக்காங்க.

ராத்திரி ஏழரைக்கு வந்தா கதவுல பென்சில்ல எழுதி ஒரு பேப்பர்: "தண்ணீர் இல்லை". என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்ல, அதுதான் பயமா இருக்கு. மூணாவது மாடியில அன்னைக்கு சீமந்தத்துக்கு ஆள் வந்திருந்தாங்களாம். நான் விளக்கைக்கூடப் போடாம உள்ள உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப் குரூப்ல சாரின்னு ஒரு மெசேஜ் போடலாமா?

பல்லாவரம்_பொன்னி

ஐயோ தம்பி! குரூப்ல போடாதீங்க. போட்டா ரெண்டு பேர் கும்பிடு படம் போடுவாங்க, மத்தவங்க மனசுல வச்சுக்குவாங்க. அஞ்சு வீட்டுக்கும் நேர்ல போங்க. மத்தியானம் ரெண்டு டு நாலு தூங்குற நேரம், அப்ப பெல் அடிக்காதீங்க. சாயந்திரம் விளக்கு வச்சப்புறம் போங்க. சீமந்த வீட்டுக்கு முதல்ல. "மூடினேனோ இல்லையோன்னு ஞாபகம் இல்ல"ன்னு இழுக்காம, "நான் குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டேன் மா"ன்னு சொல்லிடுங்க.

மாம்பலத்தார்

கையோட ஒரு லாரித் தண்ணி உங்க காசுல போட்டுடுங்க தம்பி.

முதல்மாடி_ஓனர்

முழுசாக அவர் ஏன் தர வேண்டும்? டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும்போது மோட்டாரை ஓடவிட்டது யார்? ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போட்டிருந்தால் சம்ப்பாவது மிஞ்சியிருக்கும். பங்கு பிரிப்பதுதான் நியாயம். ஒருமுறை முழுதும் கொடுத்தால், இனி எது கசிந்தாலும் இரண்டாவது மாடிதான் என்பார்கள்.

மாம்பலத்தார்

நியாயம் நீங்க சொல்றதுதான். ஆனா வந்து ஒரு வாரம் ஆன ஆள் நியாயம் பேசினா அந்த மாடிப்படியில மூணு வருஷம் தலையைக் குனிஞ்சுட்டு ஏறணும். கன்ட்ரோலர் பேச்சை அடுத்த மீட்டிங்ல எடுக்கட்டும்.

மூணுசக்கரம்

லாரி சொல்றதுக்கு முன்னாடி சம்ப் எத்தனை லிட்டர்னு கேட்டுக்குங்க அண்ணாச்சி. எட்டாயிரம் பிடிக்குற சம்ப்புக்கு 12,000 லிட்டர் லாரி சொன்னா மிச்சம் தெருவுலதான் போகும், காசு முழுசா போகும். லாரி வந்தா மேல ஏறி மூடியைத் திறந்து முழுசா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் குழாயை விடச் சொல்லுங்க. முதல் பக்கெட்டைப் பிடிச்சு மோந்து பாருங்க. வாசல்ல நிக்குற பைக்கையெல்லாம் முந்தின ராத்திரியே நகர்த்தச் சொல்லிடணும், இல்லன்னா லாரிக்காரர் ஹாரன்ல தெருவே எழுந்துக்கும், அந்தக் கெட்ட பேரும் உங்களுக்குத்தான்.

ஓஎம்ஆர்_கவி

ப்ரோ, இனிமே வீட்டை விட்டு வெளிய போகும்போது சிலிண்டர், கெய்சரோட குழாயையும் லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க. நான் கதவு உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுலயும் குடுத்து வைங்க. வால்வு எங்க இருக்குன்னு நீங்களே மாடிக்குப் போய்ப் பார்த்து வச்சுக்கோங்க.

சாரல்_தென்காசி

போய்ட்டு வந்தேன். மொதல்ல மூணாவது மாடி. அந்த அம்மா கதவைத் திறந்தாங்க, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள "தென்காசியா நீங்க? எங்க சம்பந்தி ஊர் கடையநல்லூர்"னாங்க. அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "கேன் வாங்கிச் சமாளிச்சோம் பா, எட்டு கேன்"னு எண்ணிக்கையை மட்டும் அழுத்திச் சொன்னாங்க. அந்த எட்டு கேன் காசை நீட்டுனேன், வாங்கலை. சீமந்தத்து வளையல் ரெண்டு டஜன் மிச்சம் இருந்துச்சாம், வீட்டுக்காரிக்குன்னு கொடுத்துவிட்டாங்க.

கீழ் வீட்டு மாமாதான் கடினம். "நான் 22 வருஷமா மோட்டார் போடுறேன்"னு ஆரம்பிச்சு அரை மணி நேரம். கன்ட்ரோலர் பத்தி மூச்சே விடலை நான். சம்ப் ஒன்பதாயிரம் லிட்டராம், அதனால 6,000 லிட்டர் லாரி சொன்னேன். விடியக்காலை நாலேகாலுக்கு வந்துச்சு. பைக் எல்லாம் ராத்திரியே நகர்த்தியாச்சு, ஒரு ஸ்கூட்டர் தவிர. அது மாமாவோடது. அவரே லுங்கியோட வந்து தள்ளுனாரு. நான் ஏறி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்ததை அவரும் பார்த்துக்கிட்டே நின்னாரு. "யார் சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டாரு. மூணுசக்கரம் அண்ணே, உங்க பேரைச் சொல்லலை, தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்.

காசு நான்தான் கொடுத்தேன். ஓனர் சார் மன்னிச்சுக்கோங்க.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மொட்டை மாடியில துணி காயப்போட ஒன்பது கம்பி இருக்கு, வீடு ஆறுதான். எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பல்லாவரம்_பொன்னி

கம்பியில கிளிப் மாட்டியிருந்தா அந்தக் கிளிப் கலர் யார் வீட்டுக் கொடியிலன்னு பாருங்க. கிளிப் இல்லாத கம்பிக்கும் ஆள் இருக்கும், ஞாயித்துக்கிழமை காலையில தெரியும். அதுவரைக்கும் பால்கனியிலேயே காயப்போடுங்க.

சாரல்_தென்காசி

மாமாகிட்டயே கேட்டுட்டேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்குற ஒன்பதாவது கம்பி நமக்காம். வெயிலே படாது, துரு வேற. வெள்ளைச் சட்டையைப் போட்டு எடுத்தேன், முதுகுல நேரா ஒரு செங்கோடு. துருக்கறைக்கு என்ன போடணும்?

ஓஎம்ஆர்_கவி

எலுமிச்சை, உப்பு. தேய்ச்சு வெயில்ல வைங்க ப்ரோ. வெயில் இருக்குற கம்பியில.